இன்டர்வியூ கேள்விகள்: எது எதற்காகக் கேட்கப்படுகிறது?

திங்கட்கிழமை காலையில் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ் ஏறினால், முதல் இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் பிளாஸ்டிக் ஃபைல், கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு. அந்தக் கட்டில் ஐம்பது கேள்விகளும் அவற்றுக்கு ஐம்பது பதில்களும் இருக்கும். அரியாங்குப்பம் வரும்வரை உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

நான் பதினெட்டு வருஷம் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருந்தேன். ஆள் எடுக்கும் நாள்களில் மேசை ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதுவது என் வேலை. இப்போது சனிக்கிழமைகளில் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில், முதல் வேலை தேடும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசப் பழக்குகிறேன். ஜெராக்ஸ் கட்டை மனப்பாடம் செய்தவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று நிறையப் பார்த்துவிட்டேன். கேட்பவர் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப்போட்டால் போதும், படித்த பதில் கைகொடுக்காது.

கேள்வி ஐம்பது இருக்கலாம், ஐந்நூறும் இருக்கலாம். கேட்பவரின் கவலை நாலைந்துதான். இவருக்கு வேலை தெரியுமா? தெரியாததைக் கற்றுக்கொள்வாரா? தினமும் நேரத்துக்கு வருவாரா? மற்றவர்களோடு ஒத்துப்போவாரா? ஆறே மாதத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவாரா? ஒரு கேள்வி இதில் எந்தக் கவலையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், பதிலை வெளியில் தேட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது உங்கள் வீட்டிலும் ஊரிலும் நடந்த ஏதோ ஒன்றாக இருக்கும்.

முதல் வேலை: முந்தின நாள் ஒரு தாள்

வேலை அறிவிப்பையும் உங்கள் ரெஸ்யூமையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அறிவிப்பில் கேட்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைச் செய்ததற்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘ஷிப்ட் வேலை’ என்று இருந்தால் எதிரே ‘இரவு வேலை பார்த்திருக்கிறேனா?’ என்று எழுதிப் பதில் தேடுங்கள். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் விடுமுறையில் இரவு பத்தரை வரை நின்றிருந்தால் அதுவும் சான்றுதான்.

அப்புறம் ரெஸ்யூமைப் படியுங்கள். அதிலிருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்வியாகத் திரும்பி வரும். புதுச்சேரியில் இது அடிக்கடி நடக்கும்: பள்ளியில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்திருப்பார்கள், ‘தெரிந்த மொழிகள்’ என்ற இடத்தில் அதையும் எழுதியிருப்பார்கள். பீச் ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் இன்டர்வியூ. எதிரே இருப்பவர் சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் பெயர் என்ன என்று கேட்பார். பையனுக்கு வாய் வராது. அதற்குப் பிறகு அவன் சொல்லும் உண்மையையும் அவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள். ‘பிரெஞ்சு: படிக்கத் தெரியும், பேசப் பழகவில்லை’ என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் ஒரு நஷ்டமும் இல்லை.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’

இது ஏறக்குறைய எல்லா இடத்திலும் வரும். பிள்ளைகள் இதை ‘செல்ஃப் இன்ட்ரோ’ என்பார்கள். பெயர், அப்பா பெயர், அப்பா தொழில், அம்மா இல்லத்தரசி, ஒரு தங்கை, பொழுதுபோக்கு கிரிக்கெட் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். இதில் பாதி ரெஸ்யூமிலேயே இருக்கிறது. கேட்பவர் உண்மையில் அறிய விரும்புவது, இந்த வேலைக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்பதைத்தான்.

நாலு வாக்கியம் போதும். என்ன படித்தேன், அதில் எது எனக்கு நன்றாக வந்தது, கையால் செய்தது என்ன, ஏன் இந்த வேலைக்கு வந்திருக்கிறேன். உதாரணத்துக்கு: ‘கடலூரில் பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். செய்முறை வகுப்பில் டைட்ரேஷன் எனக்கு நன்றாக வரும், மூன்றாம் வருஷத்தில் ஜூனியர் பிள்ளைகளுக்கு நான்தான் செய்து காட்டினேன். புராஜெக்ட்டுக்கு எங்கள் தெரு போர் தண்ணீரின் உப்புத்தன்மையைக் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பிறகு ஒரு முறையும் அளந்தோம். லேப் வேலை பிடித்திருப்பதால் உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு விண்ணப்பித்தேன்.’ ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த கேள்வி அந்த உப்புத்தண்ணீரைப் பற்றித்தான் வரும். அதற்கு நீங்கள் தயார். முதல் பதிலில் எதைச் சொல்கிறீர்களோ, பேச்சு அந்தப் பக்கம்தான் திரும்பும்.

தமிழில் பேசலாமா என்று பலருக்குத் தயக்கம். ‘தமிழில் சொல்லட்டுமா சார்?’ என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். ஆபரேட்டர், டெக்னீஷியன், ஸ்டோர் வேலைகளுக்குப் பெரும்பாலும் சரி என்பார்கள். ஹோட்டல் வரவேற்பு, கால் சென்டர் என்றால் ஆங்கிலமே அந்த வேலையின் ஒரு பகுதி, அங்கே தமிழில் பதில் சொன்னால் உதவாது.

பாடத்திலிருந்து வரும் கேள்விகள்

டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களிடம் பாடத்தின் அடிப்படையைக் கேட்பார்கள். கடினமாகக் கேட்பதில்லை. படித்ததைப் புரிந்து படித்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.

கடலூர் சிப்காட்டில் ரசாயனத் தொழிற்சாலைகள் அதிகம் என்பதால் பம்ப், வால்வு, அழுத்தம், பி.எச். பற்றி நிச்சயம் வரும். ‘சென்ட்ரிஃபியூகல் பம்ப்புக்கு ப்ரைமிங் எதற்கு?’ என்று ஒரு முறை மாடியில் கேட்டேன். ஒரு பையன் புத்தக வரியை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கிப் பாதியில் மறந்துபோனான். ‘உங்க கொல்லையில மோட்டார் போடறப்ப என்ன பண்ணுவீங்க?’ என்றேன். ‘தண்ணி இறங்கிப் போயிருந்தா குழாயில ரெண்டு குடம் ஊத்துவோம் சார். இல்லன்னா காத்து வாங்கும்’ என்றான். அதுதான் ப்ரைமிங். உள்ளே காற்று நின்றால் பம்ப்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லர் சுற்றினாலும் தண்ணீரை இழுக்கும் அளவுக்கு உறிஞ்சு விசை உண்டாகாது. பத்து வயதிலிருந்து அவன் செய்துவரும் வேலை அது. பாடத்தில் வரும் ஒவ்வொன்றுக்கும் இப்படிக் கண்ணால் பார்த்த ஒன்றைத் தேடி வையுங்கள். புத்தக வரி மறந்தாலும் பார்த்தது மறக்காது.

தெரியாத கேள்வி வந்தால்? ‘இது எனக்குத் தெரியவில்லை. இதை ஒட்டி இன்னது வரை தெரியும், சொல்லட்டுமா?’ என்று கேளுங்கள். இட்டுக்கட்டிச் சொல்லும் ஆளை ஆலைக்குள் விட யாருக்கும் பயமாக இருக்கும். ‘தெரியாது’ என்று நேராகச் சொல்பவரைச் சொல்லிக்கொடுத்துத் தேற்றிவிடலாம் என்று மேலாளர்கள் நம்புவார்கள்.

‘நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்’

இதுதான் புதியவர்களை அதிகம் திணறவைக்கும் வகை. ‘யாரோடாவது கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?’, ‘நெருக்கடியில் ஒரு வேலையை முடித்ததைச் சொல்லுங்கள்’, ‘தவறு செய்து திருத்தியது உண்டா?’ என்று கேட்பார்கள். தொழில் உளவியலாளர் டாம் ஜான்ஸ் 1982-இல் இந்த வகை நேர்காணலைச் சாதாரண நேர்காணலோடு ஒப்பிட்டு எழுதினார். ஒருவர் முன்பு நடந்துகொண்ட விதம், இனி எப்படி நடப்பார் என்பதற்கு நல்ல அடையாளம் என்பதுதான் இதன் அடிப்படை. அதனால் ‘நான் பொறுமைசாலி’ என்ற பதிலுக்கு இங்கே மதிப்பில்லை. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

‘எனக்கு அனுபவமே இல்லையே’ என்பார்கள். காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.காம். முடித்தவள். ‘நெருக்கடியில் வேலை செய்வீங்களா?’ என்றதும் ‘ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர், குயிக் லேர்னர்’ என்று ஆரம்பித்தாள். கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. ‘வீட்டில முந்திரி உடைக்கறீங்களாம்மா?’ என்று கேட்டேன். கையை மடியில் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

வீட்டுத் தாழ்வாரத்தில் பதினாலு பெண்கள் கொட்டை உடைக்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் ஒவ்வொருவர் பருப்பையும் எடை போட்டு நோட்டில் எழுதுவது இவள். ஒரு முறை இரண்டு பேர் கணக்கு மாறிவிட்டது. ஒருவருக்குக் கூலி குறைந்து, மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. இவள் அன்று ராத்திரியே மூன்று நாள் கணக்கைத் திரும்பப் பார்த்து, தவறு தன் கையெழுத்தில் இருந்ததைக் கண்டுபிடித்து, அவர் வீட்டுக்குப் போய் நோட்டைக் காட்டிப் பணத்தைக் கொடுத்திருக்கிறாள். மறுநாளிலிருந்து எடை போட்டதும் அந்தந்தப் பெண்ணையே நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு கணக்கில் தகராறு வரவில்லை.

நான் பேனாவை வைத்துவிட்டேன். கணக்குப் பிரிவுக்கு வேண்டிய நேர்மை, நுணுக்கம், ஆள்களோடு பழகும் பக்குவம் எல்லாம் அந்த ஒரு சம்பவத்தில் இருந்தது. அதைத்தான் அவள் மறைக்கப் பார்த்தாள். இரண்டு வாரம் கழித்து ஓர் அலுவலகத்தில் இதே சம்பவத்தைச் சொல்லியிருக்கிறாள். வேலை கிடைத்தது.

சொல்லும் வரிசை எளிது: நிலைமை என்ன, அதில் உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன ஆனது. நிலைமைக்கு இரண்டு வாக்கியம் போதும், செய்ததற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் அடக்கத்தினால் ‘நாங்க பண்ணோம் சார்’ என்று பன்மையிலேயே பேசுவார்கள். அந்த ‘நாங்க’வுக்குள் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது. புராஜெக்ட்டை நாலு பேர் செய்திருந்தாலும் ‘அதில் வயரிங் நான் பார்த்தேன்’ என்று சொல்லிப் பழகுங்கள். அது கர்வம் ஆகாது.

மூன்று சம்பவங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நெருக்கடி, ஒரு தவறு, ஒரு சண்டையோ மனத்தாங்கலோ. தானே புயல் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூரில் கரையேறியபோது நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு வந்த வெள்ளத்தில் தெருவுக்குச் சாப்பாடு சேர்த்தவர்களும் என்.எஸ்.எஸ். முகாமில் நின்றவர்களும் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அதையெல்லாம் தேடி எடுங்கள்.

‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?’

முந்தையது நடந்ததைக் கேட்கும், இது நடக்கப்போவதைக் கேட்கும். கேரி லேத்தமும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1980-இல் இந்த வகையை ‘சூழ்நிலை நேர்காணல்’ என்று வகுத்து எழுதினார்கள். இங்கே கேட்பவரிடம் நல்ல பதில் இது, சுமாரான பதில் இது என்று ஒரு பட்டியல் முன்பே இருக்கும்.

ஆலை வேலைக்கு வருபவர்களிடம் கேட்பது: ‘இரவு ஷிப்ட். டாங்க் பக்கம் காரமான நெடி வருகிறது. சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லை. என்ன செய்வாய்?’ பத்தில் ஏழு பையன்கள் ‘ஓடிப்போய் வால்வை மூடுவேன் சார்’ என்பார்கள். தைரியத்தைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது தவறான பதில். பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் உள்ளே போகிற ஆள் தானும் விழுவார், காப்பாற்ற வருபவரையும் விழவைப்பார். சரியான வரிசை வேறு. உள்ளே போகக்கூடாது. அலாரம் அல்லது போன் மூலம் உடனே தகவல் சொல்ல வேண்டும். உயரத்தில் கட்டியிருக்கும் காற்றுத் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்து, காற்று வீசும் பாதைக்குக் குறுக்காக விலகி, காற்று வரும் பக்கமாக நகர வேண்டும். பக்கத்தில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு ஒன்றுகூடும் இடத்துக்குப் போய்த் தலையெண்ணிக்கைக்கு நிற்க வேண்டும். குளோரின் போன்ற வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம், தரையோடு தவழும். அதனால் பள்ளத்தில் பதுங்கக்கூடாது. இதைச் சொல்லும் பிள்ளைக்கு இன்டர்வியூவில் மார்க் கிடைக்கும் என்பது இருக்கட்டும். என்றைக்காவது உயிருக்கே உதவும். இந்த ஒன்றை மட்டும் நான் யாரையும் அரைகுறையாகப் படித்துப் போக விடுவதில்லை.

ஹோட்டலில் கேட்பது வேறு மாதிரி: ‘சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்துவிட்டது. செக்-இன் பன்னிரண்டு மணிக்கு. அறை காலியில்லை.’ விதியைச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் பதில் இல்லை, இல்லாத அறையைத் தருகிறேன் என்பதும் பதில் இல்லை. பெட்டிகளை வாங்கி வைத்து, முகம் கழுவ இடம் காட்டி, எந்த அறை முதலில் காலியாகும் என்று ஹவுஸ்கீப்பிங்கில் கேட்டு, ஒரு நேரத்தைச் சொல்லி, அந்த நேரத்தில் நீங்களே போய்த் தகவல் சொல்வது. எந்தச் சூழ்நிலைக் கேள்வியானாலும் வரிசை இதேதான்: முதலில் ஆபத்தைத் தடுப்பது, அடுத்து சொல்ல வேண்டியவரிடம் சொல்வது, பிறகு உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதைச் செய்வது.

பலம், பலவீனம், ஐந்து வருஷம்

இவற்றுக்கு நேரம் அதிகம் செலவழிக்காதீர்கள். பலத்தைச் சொன்னால் கூடவே ஒரு சான்று. பலவீனத்தை உண்மையாகச் சொல்லி, அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘எல்லாவற்றையும் அளவுக்கு மீறி நேர்த்தியாகச் செய்வேன், அதுதான் என் பலவீனம்’ என்ற ஜெராக்ஸ் பதிலைக் கேட்டதும் எதிரே இருப்பவர் பேனாவைச் சுழற்ற ஆரம்பிப்பார். ‘ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீர்கள்?’ என்பதற்குப் பின்னால் இருப்பது ‘விட்டுவிட்டுப் போய்விடுவீர்களா?’ என்ற கவலை. இந்தத் தொழிலில் என்ன கற்க ஆசை என்று சொன்னால் போதும்.

சங்கடமான கேள்விகள்

‘ரெண்டு வருஷம் இடைவெளி இருக்கே?’ நம் மாவட்டத்தில் இதற்குப் பாதிப் பேரின் உண்மையான பதில், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தேன் என்பது. அதை ஒளிக்க வேண்டாம். கேட்பவரின் பயம், ரிசல்ட் வந்தால் போய்விடுவீர்களோ என்பது. ‘ரெண்டு வருஷம் படித்தேன், கிடைக்கவில்லை. இனி வேலையில் இருந்து கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்’ என்று, அப்படி முடிவு செய்திருந்தால் மட்டும், சொல்லுங்கள். அரியர் பற்றிக் கேட்டால் எத்தனை, எப்போது முடித்தீர்கள் என்ற இரண்டே விஷயம். வாத்தியார் மேல் பழி போடாதீர்கள்.

‘கடலூரிலிருந்து எப்படி வருவீங்க?’ இது வருகையைப் பற்றிய கவலை. சேதராப்பட்டில் காலை ஆறு மணி ஷிப்ட் என்றால் முதல் பஸ் எது, புதுச்சேரியில் மாறி எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று முன்பே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முடியாதென்றால் அங்கேயே அறை எடுத்துத் தங்குவேன் என்று சொல்லத் தயாராக இருங்கள். ‘வந்துடுவேன் சார்’ என்பதை யாரும் நம்பமாட்டார்கள்.

பெண்களிடம் ‘கல்யாணம் ஆனா வேலையை விட்டுடுவீங்களா?’ என்று இன்றும் கேட்கிறார்கள். ஒரே வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண் என்பதால் பாகுபாடு காட்டக்கூடாது என்பது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. அந்தக் கேள்வியைக் கேட்பது தவறு என்றே நான் எப்போதும் சொல்லிவந்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வாதாடுவது எல்லோருக்கும் முடியாது. ‘வேலையில் தொடர்வதாகத்தான் இருக்கிறேன். இந்த வேலையின் நேரத்துக்கும் பொறுப்புக்கும் நான் தயார்’ என்று முடித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை, தேதி, குடும்பம் என்று விவரத்துக்குள் போக வேண்டியதில்லை. ‘எந்த ஊர்?’ என்று கேட்டுவிட்டு ‘அதுல எந்தத் தெரு?’ என்று துருவுபவர்களும் உண்டு. எதற்காகக் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பின் பெயரைச் சொல்லிவிட்டு, எத்தனை நிமிஷத்தில் வேலைக்கு வந்துவிடலாம் என்பதற்குப் பேச்சைத் திருப்பிவிடுங்கள்.

சம்பளம்

‘எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?’ என்றால் ‘நீங்க பார்த்துக் குடுங்க சார்’ என்று சொல்லாதீர்கள். அதே வேலையில் இருக்கும் இரண்டு பேரிடம் விசாரித்து, ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை’ என்று சொல்லுங்கள். அவர்கள் ஒரு தொகை சொன்னால், அது மொத்தச் சம்பளமா, கையில் வருவதா, சி.டி.சி.யா (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவா) என்று தெளிவாகக் கேளுங்கள். மொத்தம் 15,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 12,000 என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்.க்கு அந்த 12,000-இல் 12 சதவீதம், அதாவது 1,440 போகும். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு மொத்தத்தில் 0.75 சதவீதம், 113 போகும். கையில் 13,447. நிறுவனம் தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ.யையும் சேர்த்துச் சொன்னால் அதே வேலை 17,000 ஆகிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் சேர்ந்துவிட்டு முதல் மாதம் அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு டெபாசிட், ட்ரெயினிங் கட்டணம் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது.

‘உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?’

‘ஒண்ணும் இல்ல சார்’ என்றுதான் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்கள். ‘முதல் மூன்று மாதம் நான் யாரிடம் வேலை கற்றுக்கொள்வேன்?’, ‘வேலை கம்பெனியின் நேரடிப் பட்டியலிலா, காண்ட்ராக்டர் மூலமா?’ இரண்டாவது கேள்வி மிக முக்கியம். யார் உங்களுக்குச் சம்பளம் தருவார் என்பதும் பி.எஃப். யார் கட்டுவார் என்பதும் அதில்தான் இருக்கிறது.

அரசு வேலைக்குப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல். மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும் கெசட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கும் நேர்முகத் தேர்வு கிடையாது. குரூப் 1-க்கு உண்டு. மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் தனியார் வேலைக்குத்தான்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. இன்டர்வியூ முடிந்து திரும்பும் பஸ்ஸில், போனை எடுப்பதற்கு முன்னால் ஃபைலில் ஒரு தாளை எடுங்கள். கேட்ட கேள்விகளை எல்லாம் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். எந்த இடத்தில் பதில் வரவில்லையோ அங்கே ஒரு கோடு போடுங்கள். கடலூருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ஆல்பேட்டை சோதனைச்சாவடி தாண்டுவதற்குள் எழுதிவிட வேண்டும், வீடு போய்ச் சேர்ந்தால் மறந்துவிடும். சனிக்கிழமை மாடிக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.